மாட்டேன் மரகதத்தின் கைகள்

எங்கள் விடுதிச் சமையல் அக்கா ஒரு நாளில் பேசிய சொற்களை யாராவது எண்ணியிருந்தால், பாதி "ஆவட்டும்" என்பதாக இருந்திருக்கும். எது கேட்டாலும் அதுதான். நாளைக்கு உப்புமா வேண்டாம் அக்கா. ஆவட்டும். இல்லை, உப்புமாவே இருக்கட்டும். ஆவட்டும். அதைச் சம்மதம் என்று நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பெங்களூர் ஈஜிபுராவில், தண்ணீர் லாரி பின்பக்கமாக மட்டுமே நுழைய முடிந்த ஒரு சந்தில் இருந்தது அந்தப் பெண்கள் விடுதி. நான்கு மாடி. தரைத்தளத்தில் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும். நான் தொம்மலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிக்கும் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. குள்ளம். கொண்டை அவ்வளவு இறுக்கமாக இருக்கும், புருவமே மேலே இழுபட்டது போலத் தெரியும். இடது முழங்காலில் எப்போதும் துணிப்பட்டை சுற்றியிருப்பார். சேலையைத் தூக்கிச் செருகியிருப்பதால் அதன் முனை வெளியே தெரியும். விடிகாலை நாலரைக்கு அடுப்பு முன் நின்றால், உட்கார்வது பதினோரு மணிக்கு. நிற்பதைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். "கொறைக்கலைன்னா கத்தி வெக்கணும்னாரு. ஆவட்டும்னு வந்துட்டேன்" என்றார்.

அவரை யார் அதிகமாகத் தொந்தரவு செய்கிறார்கள் என்பதில் எனக்கும் என் அறைத்தோழி சுகன்யாவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை வந்தது. சுகன்யா ஈரோட்டுக்காரி, சண்டையைச் சிரித்துக்கொண்டே போடுவாள். நான் நிரூபித்துவிடலாம் என்று போனில் ஒரு அட்டவணை திறந்தேன். நான்கு பத்திகள்: யார், என்ன கேட்டார், அக்காவின் பதில், நடந்ததா. முதல் வாரத்தில் குறித்தவற்றில் சில:

மூன்றாம் மாடி பீகார் பெண்: வெங்காயம் இல்லாத கூட்டு, தனியாக.
சுகன்யா: காலை ஐந்துக்கு இட்லி, டப்பாவில்.
எதிர்வீட்டு அம்மா: ஊரிலிருந்து வரும்வரை அவர் செடிகளுக்குத் தண்ணீர்.
ஓனர்: அவர் வீட்டு விசேஷத்துக்கு நூறு வடை.
ஓனர்: கீசர் ரிப்பேர்காரர் வரும்வரை மதியம் படுக்காமல் இருப்பது.
நான்: வெந்தயக் கஞ்சி.

இரண்டாவது வாரத்தில் மூன்றாம் பத்தியை அழித்துவிட்டேன். எல்லா வரியிலும் ஒரே பதில் இருக்கும் பத்தியால் எந்தத் தகவலும் கிடைக்காது, இடம்தான் வீண். சண்டையில் தோற்றது நான். ஓனரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சுகன்யா சொல்லிவிட்டாள்.

பதில் ஒன்றுதான் என்றாலும் அதற்கு முன்னால் ஒரு சின்னத் தாமதம் இருந்தது. யாராவது ஏதாவது கேட்டால் அக்காவின் கை நிற்கும். கரண்டியோ கத்தியோ அந்தரத்தில் நிற்கும். பார்வை அடுப்புத் தீயில் இருக்கும். பிறகுதான் "ஆவட்டும்". ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"சொன்னா மட்டும்?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஞாயிறு காலையில் முட்டை. ஒவ்வொரு முட்டையையும் உள்ளங்கையில் ஒரு கணம் வைத்திருந்துவிட்டுத்தான் உடைப்பார். முப்பத்தெட்டு ஆம்லெட் போட்டுவிட்டு அவர் மட்டும் பழையது சாப்பிடுவார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தோம். கேட்கவில்லை.

அந்த வருடம் சுகன்யாவுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவள் போனில் கத்திவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"முடியாதுன்னு சொல்லிட்டேங்க்கா. யாருமே கேக்க மாட்டேங்கறாங்க."

"சிரிச்சாங்களா?" என்றார் அக்கா.

"யாருங்க்கா?"

"ஊட்டுல. நீ சொன்னப்ப சிரிச்சாங்களா?"

"சிரிக்கறதா? அப்பா திட்டுன திட்டு இருக்குதே."

"திட்டுனாருன்னா காதுல வுழுந்திருக்குது. நாளைக்கு இன்னொரு வாட்டி சொல்லு." துருவலைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

அது விசித்திரமான ஆறுதலாக இருந்தது. ஆனால் பலித்தது. நாலு முறை சொன்ன பிறகு சுகன்யாவின் அப்பா ஒரு வருடம் தள்ளிப்போட்டார்.

அந்த மகிழ்ச்சியில் இருந்தபோதுதான் சுகன்யா ஒரு நாள் போனை எல்லோர் முகத்துக்கு நேராகவும் நீட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கடலோர ஊரில் புதிதாகச் சிலை வைத்திருந்தார்கள். தலைவருக்கு அல்ல, சாமிக்கும் அல்ல. ஒரு படக்கதைச் சிறுமிக்கு. சிறுவர் வார இதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், நான்கு கட்டங்களில், வருடக்கணக்காக வந்த "மாட்டேன் மரகதம்". முதல் மூன்று கட்டங்களில் யாராவது அவளிடம் எதையாவது கேட்பார்கள், கொஞ்சுவார்கள், மிரட்டுவார்கள். நான்காவதில் அவள் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, வாயை முகத்தில் பாதிக்குத் திறந்து, "மாட்டேன்!" என்பாள். அவ்வளவுதான் கதை. வரைந்தவர் அந்த ஊர்க்காரர், இறந்துவிட்டார். சுகன்யாவும் நானும் பிறப்பதற்கு முன்பே அந்தத் தொடர் நின்றுபோனது. ஆனாலும் எங்கள் இருவருடைய அம்மாக்களும் பிடிவாதம் பிடிக்கும்போது எங்களைத் திட்டிய பெயர் அதுதான்.

"அக்கா, இங்க பாருங்க, எங்க சொந்தக்காரி!" என்று சுகன்யா காட்டினாள்.

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காணொளி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது.

"கை தப்பு" என்றார்.

"என்னங்க்கா?"

"கை இடுப்புல இல்ல. பின்னால இருந்துது."

அது அவருடைய ஊர். வரைந்தவர் அவருடைய அப்பாவின் சிநேகிதர். வீட்டுக்கு வருவார், தின்பார், வரைவார். "எனக்கு அப்ப எட்டு வயசு" என்றார் அக்கா. உளுந்து ஊறவைத்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். சுகன்யா போட்ட கூச்சலில் இரண்டாம் மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தது.

ஒரு வாரம் விடுதியே அதுவாக இருந்தது. "மரகதம் அக்கா, ஒரு டீ." "மரகதம் அக்கா, ஒரு தடவ சொல்லுங்களேன்." அவர் டீயைக் கொடுத்தார். சொல்லவில்லை. நாங்கள் கூச்சம் என்று எடுத்துக்கொண்டோம். ஓனருக்கும் செய்தி எட்டியது. நாங்கள் அங்கிள் என்று கூப்பிடும் ஓனர், பெங்களூரிலேயே பிறந்த தமிழர். பேச்சில் கன்னடம் பாதி. பின் தெருவில் அவருடைய இரண்டாவது கட்டிடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சமையலறை கட்டவில்லை. "அக்கா இருக்காங்களே" என்பார். இன்னும் முப்பது பேருக்கு. அந்த முழங்காலோடு. அக்காவிடம் அவர் இன்னும் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சிலையை அவருக்கு நேரில் காட்டவேண்டும் என்று முடிவு செய்தது நான். யாருடைய யோசனையும் அல்ல, என்னுடையதுதான். எங்கள் அலுவலகத்தில் ஒரு மாற்றத்தை வெளியிடுவதற்கு முன் எல்லோருக்கும் மெயில் போகும். மாலை ஐந்து மணிக்குள் மறுப்பு வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும் என்று கடைசி வரியில் இருக்கும். யாரும் மறுப்பதில்லை, பாதிப் பேர் படிப்பதே இல்லை. ஆனால் வேலை நடக்கும். நான் அதே மாதிரிதான் அக்காவிடம் கேட்டேன்.

"அடுத்த சனி, ஞாயிறு போய்ட்டு வந்துடலாமாக்கா? காலைல ரயில், அப்புறம் பஸ். ரெண்டு நாள் சமையலை சுகன்யா ஏத்துக்கறா."

கரண்டி நின்றது. தீயைப் பார்த்தார்.

"ஆவட்டும்."

நான் பட்டியல் போட்டேன். டிக்கெட். முழங்காலுக்கு மாற்றுப் பட்டை. வலி மாத்திரை. தங்கும் அறை, தரைத்தளத்தில். கடைசி வரி: சிலைக்குப் பக்கத்தில் அக்கா, கை இடுப்பில், படம்.

ஊர்ப் பெயர் வேண்டாம். சிலை கடற்கரைச் சாலை வளைவில் இருந்தது. நிஜமான எட்டு வயதுப் பெண்ணைவிட ஒன்றரை மடங்கு உயரம். பச்சைப் பாவாடை, சிவப்பு ரிப்பன், இரண்டு இறுக்கமான பின்னல்கள். உப்புக்காற்றில் ஒரு பக்கத்து ரிப்பன் அதற்குள் வெளுத்திருந்தது. தலைக்கு மேல் இரும்புக் கம்பியில் சிமெண்டாலான பேச்சுக் குமிழி, அதில் "மாட்டேன்!" பீடத்தில் ஏற வசதியாக இரண்டு படிகள் வைத்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக ஏறி, இடுப்பில் கை வைத்து, வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். சுண்டல்காரர் ஒருவர் யாரும் கேட்காமலேயே வரிசையைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா சாலையின் எதிர்ப்புறமே நின்றார். வெயில் தாழட்டும் என்கிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கடந்து வந்து, சிலையின் முன்பக்கம் போகாமல் பின்பக்கம் போனார். பின்பக்கம் ஒன்றுமில்லை. பின்னல்கள், பாவாடை முடிச்சு, வெறும் சிமெண்ட் முதுகு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

நான் சுண்டல்காரரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இவங்கதான் அந்தப் பொண்ணு. இவங்களப் பாத்துதான் வரைஞ்சது."

"அட! ஏம்மா, மேல ஏறுங்க! யப்பா, வழி வுடு, வழி வுடு, ஒரிஜினல் வந்திருக்குது!"

வரிசை திரும்பிப் பார்த்தது. போன்கள் உயர்ந்தன. நானும் என் போனை உயர்த்தினேன்.

"அக்கா, ஒரே ஒரு தடவ. இடுப்புல கை வெச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். இந்த முறை பார்வை எங்கும் விலகவில்லை.

"மாட்டேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். "அப்படியே சொல்லுது பாரு!" என்று சுண்டல்காரர் தொடையைத் தட்டினார். ஒரு குழந்தை கைதட்டியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன். திரையில் அவர் முகம் பெரிதாகத் தெரிந்தபோதுதான் அது விளையாட்டு இல்லை என்று பார்த்தேன். சிரிச்சாங்களா என்று சுகன்யாவிடம் அவர் கேட்ட கேள்வி, அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

சற்றுத் தள்ளி ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். காலை நீட்டி, பட்டையைத் தளர்த்திவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையை அசைத்து நிறுத்தினார்.

"எங்க ஊட்டுல ஒரு கோழி அடையில உக்காந்திருந்துது. படம் போடறவரு, இவரு வந்தாரு. வந்தவருக்குப் போட ஒண்ணும் இல்ல. அம்மா போயி ரெண்டு முட்டைய எடுத்தாங்க. ஒண்ண நான் புடுங்கிக்கிட்டேன். பின்னால வெச்சுக்கிட்டேன். சூடா இருந்துது. குடுடின்னாங்க. மாட்டேன்னேன். அப்பா கேட்டாரு, மாட்டேன்னேன். இவருக்கு ஒரே சிரிப்பு. பையிலேருந்து நோட்ட எடுத்துட்டாரு."

"குடுத்தீங்களா?"

"யாரு குடுத்தா? புடுங்கிட்டுப் போயி வறுத்து வெச்சாங்க. சாப்பிட்டுக்கிட்டேதான் படம் போட்டாரு." கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூஞ்சி, பின்னல், எல்லாம் அப்படியே போட்டுட்டாரு. முட்டைய வுட்டுட்டாரு. கைய முன்னால கொண்டாந்து இடுப்புல வெச்சிட்டாரு. அப்புறம் எதுக்கு மாட்டேங்கறான்னு யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு ஊரில் அவர் எதற்கு மாட்டேன் என்றாலும் கூட்டம் கூடியது. கடைக்காரர் வேண்டுமென்றே ஏதாவது கேட்டு அந்தச் சொல்லை வாங்குவார். அவர் சொன்னதும் சிரிப்பு. நாளாக ஆக, சொல்வதைக் குறைத்துக்கொண்டார். பதினெட்டு வயதில் பெண் பார்க்க வந்தார்கள்.

"எல்லார் முன்னாலயும் வந்து நின்னு சொன்னேன். மாட்டேன்னு. அவங்க ஊட்டுக்காரங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே. எங்கப்பாவுக்குக் கண்ணுல தண்ணி, சிரிச்சு சிரிச்சு. பத்திரிகையில வந்த பொண்ணு, அப்படித்தான் சொல்லும்னாரு. தட்டு மாத்திட்டாங்க. இவரும் பந்தியில இருந்தாரு. அடுத்த வாரம் அதையும் போட்டுட்டாரு, மரகதம் பொம்மைக் கல்யாணத்துக்கு மாட்டேங்கற மாதிரி."

அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை. நாலு வருடம் என்று மட்டும் சொன்னார். பிறகு பெங்களூர்.

"இங்க திரும்பி வர்றதுக்குத்தான் மனசே இல்ல எனக்கு" என்றார்.

"ஆவட்டும்னு சொன்னீங்களேக்கா" என்றேன். வாயிலிருந்து வெளியேறிய பிறகுதான் அந்த வாக்கியத்தின் அழகு எனக்குத் தெரிந்தது.

அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "சொன்னேன். வா, அந்தாளுகிட்ட சுண்டல் வாங்கலாம். மாங்கா போட்டிருக்கான்."

போனில் இருந்த படத்தை அவர் முன்னாலேயே அழித்தேன். அவர் கேட்கவில்லை. திரும்பும்போது பேருந்து சிலையைக் கடந்தது. படியில் யாரோ ஒருவர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஓனர் வந்தார். ஞாயிறுகளில் வந்து ஆம்லெட் சாப்பிட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். கூடம் நிறைந்திருந்தது. நான் சமையலறை வாசலை ஒட்டிய மேசையில் இருந்தேன். சுகன்யா எதிரே. ஓனர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரல் கொடுத்தார்.

"மரகதம் அக்கா! எனக்கு ஒரு ஆம்லெட், கார ஜாஸ்தி. ஆமேலே, அப்புறம், நாளையிலேருந்து பின்னாடி பில்டிங்குக்கும் நீங்களே போட்டுடுங்க. டப்பா எடுத்துட்டுப் போக ஆள் இருக்கு. ஓகேனா?"

அக்கா வாசலுக்கு வந்து நின்றார். இரண்டு கைகளும் பின்னால் இருந்தன.

"மாட்டேன்" என்றார்.

ஓனர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரிப்பு நிஜமாகவே வந்தது. "சூப்பரக்கா! சிலை மாதிரியே!" என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், நாங்களும் சேர்ந்துகொள்வதற்கு. ஊரிலிருந்து வந்த அன்றே நான் சுகன்யாவிடம் சொல்லியிருந்தேன். சுகன்யா மாடி மாடியாகச் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தெட்டுத் தட்டுகளில் ஒன்றுகூட ஓசை எழுப்பவில்லை. பீகார் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவளும் கரண்டியைக் கீழே வைத்திருந்தாள்.

ஓனரின் சிரிப்பு தனியாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

"சும்னே, சும்மா தமாஷ்தானேக்கா?"

"இல்ல."

"எது மாட்டீங்க? ஆம்லெட்டா, பில்டிங்கா?"

"ஆம்லெட் போட்டுத் தர்றேன்" என்றார் அக்கா. "பில்டிங்குக்கு மாட்டேன். எங்காலு நிக்காது."

ஓனர் அவருடைய காலைப் பார்த்தார். அந்தப் பட்டை அங்கே வருடக்கணக்காக இருந்தது. அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்தது. "சரி, சரி, நோடோணா, பார்க்கலாம்" என்று முணுமுணுத்தார். திட்டக்கூடச் செய்தார், கொஞ்சம், பாதி கன்னடத்தில். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்ததைத் திருப்தி என்றுதான் சொல்லவேண்டும்.

நான் வாசலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் அவர் முதுகுப்பக்கமும் தெரிந்தது. உடைக்க எடுத்த முட்டை ஒன்று கையில் அப்படியே இருந்தது. அதை விரல்களால் முழுக்க மூடிப் பிடித்திருந்தார்.

பிறகு உள்ளே போனார். ஓனருக்கு ஆம்லெட் வந்தது, காரம் சரியாக. பின் தெருக் கட்டிடத்துக்கு வேறு ஆள் வைத்தார்கள். அக்கா அந்த விடுதியில் இன்னும் எட்டு மாதம்தான் இருந்தார். எங்கே போனார் என்று தெரியவில்லை. புறப்படும்போது போன் எண் கேட்டோம். மாட்டேன் என்றார். யாரும் சிரிக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

அந்த ஞாயிறு மதியம் நான் அட்டவணையைத் திறந்தேன். ஓனர், பின் கட்டிடச் சமையல் என்று எழுதிவிட்டு, நடந்ததா என்ற பத்திக்கு நகர்ந்தேன். அங்கே எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியதற்கான பத்தியை, அக்காவின் பதில் என்ற பத்தியை, நான்தான் அழித்திருந்தேன். மறுபடி சேர்த்தேன். மேலே இருந்த வரிகளிலெல்லாம் அது காலியாக நின்றது. பழைய பதிலை அங்கே திரும்ப நிரப்ப எனக்குத் துணிவு வரவில்லை.